கூலரோடு ப்ராசஸரும் கையோடு வந்த கதை

2024 வைகாசி. முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். கல்யாணம், சாந்தி, கும்பாபிஷேகம் என்று மற்றவர்கள் எடுத்துவரும் வீடியோவை வாங்கி எடிட் செய்து கொடுப்பது என் தொழில். இருப்பது காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில், ஓர் ஆச்சி வீட்டின் மாடியில் வாடகைக்கு. ஆச்சியின் பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில். அத்தனை பெரிய வீட்டில் கீழே அவர், மேலே நாங்கள், அவ்வளவுதான். என் கம்ப்யூட்டர் 2020-ல் நானே பாகம் பாகமாக வாங்கிக் கூட்டியது. ரைசன் 5 3600 ப்ராசஸர், ஒரு பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினெட். ப்ராசஸர் பெட்டிக்குள்ளேயே, அதன் மேல் மாட்டிச் சூட்டைத் தணிக்க ஒரு சின்னக் கூலரும் வந்தது. நான்கு வருடமும் அதுதான் ஓடியது. அதைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்ட எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அரை நாள் வேலை.

முதலில் வந்தது சத்தம். எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றித் தரச் சொல்லி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு, கீழே வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், போய் உட்கார்ந்தால் அங்கேயும் கேட்கும். “மேல என்ன தம்பி, மாவு மில்லு வச்சிருக்கீகளா?” என்று ஆச்சி ஒரு நாள் கேட்டேவிட்டார். அப்புறம் வேகம் குறைந்தது. முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை ஒன்றரை மணி நேரம் இழுத்தது. ஒரு மதியம் எக்ஸ்போர்ட் தொண்ணூறு சதவீதம் தாண்டிய நேரத்தில் மொத்தமாக அணைந்தது. மறுநாளும் அதே. பதறிப்போய் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பவர் சப்ளை சரியில்லாமல் இருக்கலாம், எதற்கும் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். 800 ரூபாய், இரண்டு நாள். வீட்டுக்குக் கொண்டுவந்து எக்ஸ்போர்ட் போட்டால் அதே சத்தம், அதே இழுவை. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், நானே உள்ளே என்ன சூடு இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் போட்டு வைத்துக்கொண்டு மறுபடி எக்ஸ்போர்ட்டை ஓடவிட்டேன். இரண்டே நிமிடத்தில் 95 டிகிரி. இந்த ப்ராசஸருக்கு அனுமதித்த உச்ச வெப்பமே 95தான். அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனக்கு வேலை இழுத்ததற்குக் காரணம் அதுதான். கம்ப்யூட்டர் மந்தமாகிறது, தானாக அணைகிறது என்றால் எந்தக் கடைக்கும் தூக்கிக்கொண்டு போகும் முன் இந்த எண்ணைப் பாருங்கள். காசு செலவில்லாத வேலை.

கேபினெட்டைத் திறந்து பார்த்தால் கூலரின் இடுக்குகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. தெருவில் இரண்டு பழைய வீடுகளில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. பழைய சுண்ணாம்புக் காரையை உடைத்துக் கொட்டும்போது கிளம்பும் பொடி எங்கே போகும்? என் ஜன்னல் வழியாகத்தான் வரும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தேன். 95 என்பது 92 ஆனது. இன்னொன்றும் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. மாடி அறையில் மதியம் 37 டிகிரி. கீழே பட்டாலை ஓரத்து அறையில் அதே நேரத்தில் 33. செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் கனத்தையும் உயரமான கூரையையும் பற்றி ஊருக்கெல்லாம் பெருமை பேசுகிறோம், மேசையை மட்டும் வெயில் இறங்கும் தளத்துக்கு அடியில் போட்டிருக்கிறோம். கூலர் என்பது ப்ராசஸரின் சூட்டை அறைக் காற்றுக்குக் கைமாற்றிவிடும் ஒரு பொருள். அறைச் சூடு நாலு டிகிரி குறைந்தால் உள்ளேயும் ஏறத்தாழ அதே நாலு டிகிரி குறையும். இதை நான் பின்னால்தான் புரிந்துகொண்டு மேசையைக் கீழே இறக்கினேன். ஆச்சி அந்த அறையைக் கூடுதல் வாடகை கேட்காமல் கொடுத்தார்.

சரி, புதுக் கூலர் வாங்குவது என்று முடிவு செய்தேன். கேட்டவர்களில் பாதிப்பேர் ‘வாட்டர் கூலர் போட்டுடு’ என்றார்கள். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். தண்ணீர் என்ற சொல்லுக்கு நம் ஊர் வெயிலில் தனி மயக்கம் உண்டு. வளவில் இருக்கும் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறதே, அதுபோலத்தானே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பானை குளிர்வது அதன் மேல் கசிந்த தண்ணீர் ஆவியாவதால். கம்ப்யூட்டர் வாட்டர் கூலரில் தண்ணீர் குழாய்க்குள் அடைபட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறது, ஆவியாவதில்லை. கடைசியில் ஒரு ரேடியேட்டரும் ஃபேனும்தான் அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளுகின்றன. அறை 37 என்றால் அதுவும் 37-க்குக் கீழே இறங்காது. நிறைய சூடு தரும் பெரிய ப்ராசஸருக்கு அதனால் லாபம் உண்டு, எனக்கு வேண்டாத செலவு. 3600-ன் அட்டையில் 65 வாட் என்று போட்டிருக்கும். முழு வேலையில் 88 வாட் வரை அது இழுத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. நாலு செம்புக் குழாயும் ஒரு 120 மி.மீ. ஃபேனும் உள்ள, கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும் சாதாரண டவர் கூலரே அதற்குத் தாராளம். வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது வாட் கணக்கை அல்ல, மில்லிமீட்டர் கணக்கை. நான் கோட்டை விட்டது அங்கேதான்.

கோட்டை விட்டேன் என்றால் அளக்காமல் வாங்கினேன் என்று அர்த்தமில்லை. அளந்தேன். என் கேபினெட்டில் 155 மி.மீ. உயரம் வரை கூலர் வைக்கலாம் என்று போட்டிருந்தது. நான் பிடித்துவைத்த கூலரின் உயரம் 154. ஒரு மில்லிமீட்டர் மிச்சம். என்ன கெட்டிக்காரத்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டு 2,350 ரூபாய்க்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். நான் அளக்காமல் விட்டது ராமை. என் ராம் பட்டைகளின் மேல் அலங்காரமாக ஓர் அலுமினியத் தொப்பி உண்டு, எரியும் விளக்கு வேறு. அடியிலிருந்து 44 மி.மீ. உயரம். டவர் கூலரின் ஃபேன் வழக்கமாக ராம் இருக்கும் பக்கம்தான் மாட்டுவார்கள், அது ராமின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ராம் உயரமாக இருந்தால் ஃபேனை மேலே ஏற்றித்தான் மாட்ட முடியும். ஃபேன் ஏறினால் 154 என்ற கணக்கு 154-ஆக இருக்காது. கூலரின் விவரப் பக்கத்தில் ராமுக்கு எவ்வளவு இடம் என்று ஒரு வரி, கடைசியில், இருந்தே இருந்தது. நான் விலையையும் படத்தையும் பார்த்துவிட்டு அங்கே போகாமலே திரும்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்துப் பார்சல் வந்தது. மனைவி பையனைக் கூட்டிக்கொண்டு லீவுக்குத் திருப்பத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் தனியாள். முந்தின இரவே கம்ப்யூட்டரை அணைத்து வயரையும் உருவிவிட்டேன். ராத்திரி முழுக்க ஆறட்டும், சூட்டோடு கை வைக்க வேண்டாம் என்பது என் ஜாக்கிரதை. அந்த ஜாக்கிரதைதான் என்னைக் கவிழ்த்தது.

காலையில் கேபினெட்டைப் படுக்க வைத்து நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். கூலர் அசையவில்லை. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்த ஒரு பேஸ்ட் தடவியிருக்கும், நான்கு வருடத்தில் அது காய்ந்து பசை மாதிரி இறுகிவிட்டிருந்தது. சூடாக இருந்தால் கொஞ்சம் இளகும். நானோ ராத்திரி முழுக்க ஆறவிட்டிருக்கிறேன். மிக்ஸி மூடி இறுகிக்கொண்டால் என்ன செய்வோமோ அதையே செய்தேன், நேராக மேலே பிடித்து இழுத்தேன். ‘டக்’. கையில் கூலர். அதன் அடியில், கடிதத்தில் ஒட்டிய தபால்தலை மாதிரி, ப்ராசஸர்.

ஒரு நிமிடம் எனக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்தைச் சாக்கெட் என்பார்கள், அதில் ப்ராசஸரைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்ன லீவர் உண்டு. அது பூட்டியபடியேதான் கிடந்தது. பூட்டியிருந்தும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. என்னுடையது ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான ஏஎம்4 சாக்கெட். இதில் 1331 பின்கள், எல்லாம் ப்ராசஸரின் அடியில் ஊசி ஊசியாக நிற்கும். இன்டெலின் இப்போதைய சாக்கெட்டுகளிலும், 2022-ல் வந்த ஏஎம்5-லும் பின்கள் போர்டில் இருக்கும், ப்ராசஸரை ஓர் இரும்புச் சட்டம் மேலிருந்து அமுக்கிப் பிடித்திருக்கும், அதனால் இப்படிக் கையோடு வராது. ஏஎம்4 வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, கனமான வேலை ஏதாவது கொடுத்து இருபது நிமிடம் சூடாக்குங்கள். அணைத்து, வயரை உருவி, சூடு இருக்கும்போதே ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். அப்புறம் இழுக்கக் கூடாது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகுவதுபோல இடமும் வலமுமாக மெல்லத் திருக வேண்டும். பிடி விட்டது கைக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் தூக்க வேண்டும்.

மனைவியின் ஹேர் டிரையர் நல்லவேளையாக வீட்டில் இருந்தது. அதைக் காட்டிச் சூடாக்கித் திருகி ப்ராசஸரைக் கூலரிலிருந்து பிரித்தேன். திருப்பிப் பார்த்தால் ஒரு மூலையில் மூன்று பின்கள் சாய்ந்திருந்தன. ஒன்று பக்கத்துப் பின்னைத் தொட்டுக்கொண்டே இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புது ப்ராசஸர் வாங்கப் பணம் இல்லை. இரண்டு கல்யாண வேலை பாதியில் நிற்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் மற்றவர்களுடைய தாலி கட்டு. அழுகை வரவில்லை, ஆனால் கை நடுங்கியது, அதை ஒத்துக்கொள்கிறேன். நடுங்கும் கையால் தொடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. ப்ராசஸரை ஒரு கிண்ணத்தில் வைத்து மூடிவிட்டுக் கீழே இறங்கினேன்.

ஆச்சி வளவில் பனையோலைக் கொட்டான் பின்னிக்கொண்டிருந்தார். “என்ன தம்பி, முகமே சரியில்ல, சாப்டீகளா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ப்ராசஸர் என்றால் என்னவென்று தெரியாது, ஊசி வளைந்துவிட்டது என்பது புரிந்தது. உள்ளே போய், அவர் பேப்பர் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். “ஓலையாட்டம்தான். ஒரே மூச்சுல வளச்சா முறிஞ்சுபோகும். கொஞ்சம் நெம்பி, விட்டு, பாத்து, மறுபடி நெம்புங்க. எங்கயும் ஓடிப்போகாது” என்றார். இதைவிடச் சரியான யோசனையை எந்தக் கடையிலும் கேட்டதில்லை. பையனின் 0.5 மி.மீ. பென்சில் ஒன்று கிடந்தது, லெட் போட்டு எழுதும் பென்சில். லெட்டை எடுத்துவிட்டால் அதன் மூக்குத் துளை பின் மேல் சரியாக உட்காரும். அதை மாட்டி, மயிரிழை அளவு நிமிர்த்தி, விட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்து, மறுபடி நிமிர்த்தி. ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று பின்னுக்கு இரண்டு மணி நேரம். அவசரமாக ஒரே தள்ளாகத் தள்ளினால் பின் அடியோடு ஒடிந்துவிடும். அப்புறம் எதுவும் செய்வதற்கில்லை. வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள், சாய்ந்தது தனியாகத் தெரியும். திரும்ப வைக்கும்போது லீவரை முழுதாகத் தூக்கிவிட்டு, ப்ராசஸரின் மூலையில் இருக்கும் சின்ன முக்கோணமும் சாக்கெட்டின் முக்கோணமும் ஒரே மூலையில் வரும்படி வைத்தால் அது தானாக உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அமுக்காதீர்கள், இன்னும் ஏதோ ஒரு பின் நேராகவில்லை. எனக்கு மூன்றாம் தடவையில் இறங்கியது. ஆச்சிக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அன்றைக்கே மாட்டி முடித்திருக்கலாம், முடியவில்லை. பழைய கூலரின் ஸ்க்ரூக்கள் போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஓர் இரும்புத் தகட்டில்தான் இறங்குகின்றன, பேக்பிளேட் என்பார்கள். ஸ்க்ரூவைக் கழற்றியதும் அதைப் பிடிக்க ஆளில்லாமல் அது பின்னால் நழுவிவிட்டது. கேபினெட்டின் மறுபக்கத் தகட்டைத் திறந்தால் கை போகும் ஓட்டை இருக்கும், அதனால் போர்டை வெளியே எடுக்க வேண்டியதில்லை. தனியாளாக வேலை செய்பவர்கள் பின்பக்கம் இன்சுலேஷன் டேப்பால் அந்தத் தகட்டை ஒட்டிவைத்துக்கொண்டால் பாதி எரிச்சல் மிச்சம். ஆனால் என்னை ஒரு நாள் நிறுத்தியது அதுவல்ல, இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள். புது மதர்போர்டில் சாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் கொக்கி வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் பிராக்கெட் இருக்கும். என் பழைய கூலரை மாட்ட அதைக் கழற்ற வேண்டியிருந்தது, 2020-ல் கழற்றி மதர்போர்டு பெட்டிக்குள் போட்டேன். புதுக் கூலரோ அந்தக் கொக்கியில்தான் மாட்டும் ரகம். பெட்டியைத் தேடினால் பெட்டி இல்லை. போன பொங்கலுக்கு வீடு ஒதுக்கியபோது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டது நினைவுக்கு வந்தது. மறுநாள் காரைக்குடியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு பெரியவர், செத்துப்போன போர்டு ஒன்றைத் தோண்டி எடுத்து அதிலிருந்து ஒரு ஜோடியைக் கழற்றி நூறு ரூபாய்க்குக் கொடுத்தார். கூலர் வாங்கும் முன்பே அது கொக்கியில் மாட்டுவதா, பேக்பிளேட்டில் நேராக ஸ்க்ரூ இறங்குவதா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ ரகம் என்றால் ஒரு மூலையை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். கார் டயர் மாற்றும்போது செய்வதுபோல எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

பேஸ்ட் விஷயத்தில் மட்டும் நான் பெரிதாகச் சொதப்பவில்லை. பழையதைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்ற ஸ்பிரிட் வேண்டும். மொபைல் சர்வீஸ் செய்பவர்கள் வைத்திருப்பார்கள், எனக்கு ஒரு பாட்டில் 180 ரூபாய்க்குக் கிடைத்தது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை எடுக்காதீர்கள், அதில் வாசனையும் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு பொட்டு, பட்டாணி அளவு. அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது பொய், ஓரத்தில் வழிந்து அசிங்கம்தான் மிச்சம். “விபூதியக் கொழச்சு வச்சாப்புல இருக்கே” என்றார் ஆச்சி. புதுக் கூலரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரித்துவிட்டு மாட்டுங்கள். உரிக்காமல் மாட்டிவிட்டு கூலர் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

மாட்டியாயிற்று. இப்போது ஃபேன். கம்பிக் கிளிப்பில் ராம் பக்கம் வைத்தால் ராமின் தொப்பியில் போய் முட்டி நிற்கிறது. மேலே ஏற்றினேன். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தது. ஏற்றி மாட்டிவிட்டுக் கண்ணாடியை வைத்தால் கண்ணாடி மூடவில்லை. ஃபேனின் தலை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு மில்லிமீட்டர் கெட்டிக்காரத்தனம் அப்போது என்னைப் பார்த்துச் சிரித்தது. விற்றவர்களுக்குத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன். பேஸ்ட் தடவி மாட்டியதை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள், அவர்கள் நிலையில் நானும் அதைத்தான் சொல்வேன். இந்த அனுபவத்தில் எனக்கு மிக உபயோகமாகப்பட்ட பாடம் இதுதான், நான் அதைச் செய்யவும் இல்லை. பேஸ்ட் வைக்கும் முன் வெறும் கூலரை ஒரு தடவை உட்கார வைத்துப் பாருங்கள். ஃபேனையும் மாட்டுங்கள். கண்ணாடியை மூடிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு, ராம், பவர் வயர் எதிலாவது இடிக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் அப்புறம் பேஸ்ட்டைப் பிதுக்குங்கள். அதுவரை அது கடைக்குத் திரும்பிப் போகக்கூடிய பொருள், பிதுக்கிய பிறகு உங்கள் பொருள்.

மூன்று நாள் கண்ணாடி இல்லாமல் திறந்தபடியே ஓட்டினேன். சூடு குறைந்துவிட்டது, எக்ஸ்போர்ட்டில் 76-ஐத் தாண்டவில்லை. ஆனால் இது பழைய வீடு, பல்லிக்கும் எறும்புக்கும் நம்மைவிட மூத்த பாத்தியதை உண்டு. இரண்டாம் நாள் ராத்திரி ஒரு பல்லி மதர்போர்டின் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கு வெளிச்சத்தில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அது இரண்டு முனையைச் சேர்த்து மிதித்தால் என் கதை முடிந்தது. பதற்றத்தில், தொப்பி இல்லாத குட்டை ராம் ஒரு ஜோடி 3,300 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். போட்டுவிட்டுத் தூங்கினேன். அது வந்து சேர்ந்த அன்று, பழைய ராமைக் கழற்ற ஃபேனை எடுத்தபோதுதான் அந்தக் கம்பிக் கிளிப் மாட்டும் பள்ளம் கூலரின் பின்பக்கமும் இருப்பது கண்ணில் பட்டது. ஃபேனைப் பின்னால் மாட்டினால் ராமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! முன்னால் நின்று காற்றைத் தள்ளுவதற்குப் பதில் பின்னால் நின்று இழுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கேபினெட்டின் பின்பக்க ஃபேனுக்கும் இதற்கும் நடுவில் இரண்டு விரல் இடமும் இருந்தது. மாட்டினேன், கண்ணாடி ஜம்மென்று மூடியது. 3,300 ரூபாய் பார்சல் மேசையில் பிரித்தபடி கிடந்தது.

அதிலும் ஒரு கூத்து. பின்னால் மாட்டும்போது ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டேன். அது வெளியே போக வேண்டிய காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது, பின்பக்க ஃபேன் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இழுபறி, 83 டிகிரி. ஃபேனின் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும். இல்லாவிட்டால் ஸ்டிக்கரும் குறுக்குச் சட்டமும் இருக்கிற பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். திருப்பி மாட்டியதும் 72-க்கு வந்தது. அப்போது மேசையும் கீழ் அறைக்கு வந்திருந்தது, அதற்கும் பங்கு உண்டு. இன்னொரு சின்ன விஷயம், ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் சிபியு ஃபேன் எரர் என்று வந்தால் பயப்படாதீர்கள். ஃபேன் வயரை வேறு ஃபேனுக்கான இடத்தில் செருகியிருப்பீர்கள். போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய நாலு முனைச் செருகலில் மாற்றிச் செருகினால் போதும். விண்டோஸ் வரும் முன் திறக்கும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போய் ஃபேன் எந்தச் சூட்டில் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்றும் அமைத்துக்கொள்ளலாம். நான் 60 டிகிரி வரை மெதுவாகவே சுற்றும்படி வைத்திருக்கிறேன்.

கணக்குப் பார்த்தேன். சர்வீஸ் 800, கூலர் 2,350, ஸ்பிரிட் 180, பிராக்கெட் 100, ராம் 3,300. வீடியோ தாமதமானதற்கு ஸ்டுடியோக்காரர் கூலியில் பிடித்தது 4,000. ஆக 10,730 ரூபாய். இதில் கூலரும் ஸ்பிரிட்டும் சேர்ந்த 2,530 மட்டும்தான் செலவு, மற்றதெல்லாம் தண்டம். அந்த 4,000 இன்னும் உறுத்துகிறது. கல்யாண வீட்டார் மறுவீட்டு விருந்தில் எல்லாரையும் கூட்டி வைத்துப் போட்டுக்காட்ட வேண்டும் என்று கேட்டிருந்த வீடியோ அது. விருந்து வெறும் போட்டோக்களோடு முடிந்தது. அதற்கு நான் போய் நின்று மன்னிப்புக் கேட்டது பணத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

கூலரே வாங்கியிருக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கீழச்சிவல்பட்டியில் ஒரு நண்பர் அதே 3600-ஐ, அதே கூலரோடு வைத்திருக்கிறார். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சூடாக்கி, திருகி, கழற்றி, பேஸ்ட்டை மட்டும் மாற்றி, தூசி தட்டித் திரும்ப மாட்டினார். 93-லிருந்து 84-க்கு வந்தது. செலவு முந்நூறு ரூபாய்க்குள். சத்தம் அவருக்கு இன்னும் உண்டு, அவர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நாள் முழுக்க எக்ஸ்போர்ட் ஓடும் எனக்குப் பெரிய கூலர் தேவைதான், ஆனால் முதலில் பேஸ்ட்டை மாற்றியிருந்தால் அந்த முகூர்த்தத்தை நிம்மதியாக ஓட்டிவிட்டு, ஆடி மாதத்தில் சாவகாசமாக அளந்து வாங்கியிருக்கலாம். என் மேசையில் கிடந்த குட்டை ராமை அந்த நண்பரே 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். பழைய கூலரையும், அதன் நாலு ஸ்க்ரூக்களையும், இந்தக் கூலரோடு வந்து மிஞ்சிய துண்டு துணுக்குகளையும் ஆச்சி பின்னிக் கொடுத்த ஒரு கொட்டானில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது அதைத் தொடக் கூடாது என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.